வீட்டைப் பூட்டுவது யார்?

"அண்ணா, உங்க சர்வீஸ்ல நீங்க சமாளிச்சதுலயே பெரிய சிக்கல் எது?" என்று கல்யாண மேடை நிகழ்ச்சி நடத்துகிற நம் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லிவந்தேன். குடியாத்தத்தில் நடந்த ஷூ கேம் கதை. உங்களில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். ரிசப்ஷன் மேடையில் கல்யாணமே நின்றுபோகிற நிலைமை வந்து, நான் மைக்கை வைத்துவிட்டு இரண்டு பக்கமும் ஓடி ஓடிப் பேசி, பந்தி முடிவதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்த கதை. அதில் கதாநாயகன் நான்தான். சொல்லும்போது மீசையைக்கூட லேசாக முறுக்கிக்கொள்வேன்.

இனிமேல் அதை அப்படிச் சொல்ல முடியாது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அதன் மிச்சப் பகுதி என் காதுக்கு வந்தது. வாயால் சொன்னால் நடுவில் நீங்கள் ஜோக் அடிப்பீர்கள், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் ரிசப்ஷன் என்றால் தெர்மகோலில் வெட்டிய இரண்டு பெயர், நடுவில் ஒரு இதயம், சுற்றிலும் ஓடுகிற சீரியல் லைட்டு. அவ்வளவுதான். பிறகு வந்த பிள்ளைகள் "எங்களுக்குன்னு ஸ்பெஷலா ஏதாவது பண்ணுங்கண்ணா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது, பொய் சொல்ல மாட்டேன். தினமும் காட்பாடியில் ரயில் ஏறி வேலைக்குப் போய் வந்து காதலித்த ஒரு ஜோடிக்கு மேடையையே ரயில் பெட்டியாகச் செய்து கொடுத்தேன். பெண்ணின் பெரியப்பா ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தவர் இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார். அந்த ஆல்பத்தில் எல்லாப் போட்டோவிலும் மாப்பிள்ளை இருக்கிறாரோ இல்லையோ, பெரியப்பா இருக்கிறார். மாலை போட்டு நிற்க வைத்த இரண்டு பொம்மைகளை மனுஷர்களாகக் காட்டுகிற வேலை நம்முடையது என்று நான் பெருமையடித்துக்கொள்வதுண்டு.

ஆனால் நம் பக்கத்து வழக்கம் ஒன்று இருக்கிறது. அதை மறந்தால் இந்தத் தொழிலில் குப்புற விழவேண்டியதுதான். மேல்விஷாரத்திலோ ஆம்பூரிலோ பாய் வீட்டுக் கல்யாணம் என்றால் நிக்காஹ் முடிந்த பிறகுதான் வலீமா விருந்து. அங்கே சிரித்தாலும் சரி, முறைத்துக்கொண்டாலும் சரி, அவர்கள் புருஷன் பெண்டாட்டி. நம் இந்து வீடுகளில் ரிசப்ஷன் முதல்நாள் சாயங்காலமே வந்துவிடுகிறது. தாலி மறுநாள் காலையில்தான். ஜோடியாக மேடையில் நிற்கிறார்கள், ஊரே வரிசையில் வந்து கை குலுக்கிப் பரிசு கொடுக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இன்னும் எதுவும் ஆகவில்லை. ஒரு வார்த்தை தவறினால் எல்லாமே முறிந்துபோகலாம். அதனால்தான் பெரியவர்கள் அன்றைக்கு முழுக்க "முகூர்த்தம் முடியட்டும், முகூர்த்தம் முடியட்டும்" என்று ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டே திரிவார்கள்.

பவித்ரா ஆம்பூர்ப் பெண். ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர். பிசிறு வெட்டுகிற ஹெல்ப்பராகச் சேர்ந்து, தையல் பழகி, தன்னைவிட வயதில் பெரிய பெண்களையெல்லாம் வேலை வாங்குகிற இடத்துக்குச் சின்ன வயதிலேயே வந்தவள். என் ஆபீசுக்கு முதல் தடவை வந்தபோது, நான் காட்டிய சேம்பிள் மேடைத் துணியின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, "தையல் கோணிக்கிச்சேண்ணா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பிடித்துவிட்டது. அரை மணி நேரம் மேடையைப் பற்றிப் பேச வந்தவள், அரை மணி நேரமும் கம்பெனியைப் பற்றித்தான் பேசினாள். விடிந்தும் விடியாமலும் வருகிற கம்பெனி பஸ், ஷிப்மெண்ட் நாளில் தலை சுற்றுகிற டென்ஷன், அவள் லைன் பெண்கள் அவளுக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர். கல்யாணமாகிக் குடியாத்தம் போனாலும் கவலையில்லை, அங்கிருந்தும் கம்பெனி பஸ் வருகிறது, ஏறும் இடம்தான் மாறும் என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

மாப்பிள்ளை லோகேஷ் குடியாத்தத்தில் கைலி நெய்கிற தறி வீட்டுப் பிள்ளை. வீட்டை ஒட்டியே பவர்லூம் ஷெட். படித்துவிட்டு அப்பாவோடு அந்த வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் நான் ஃபோனில்தான் பேசினேன். மெதுவான குரல், எல்லாவற்றுக்கும் "அவங்களுக்குப் பிடிச்சா ஓகே சார்" என்பான். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து நான் ஒருநாளும் பேசவில்லை. பெண் வீட்டார் செலவு, பெண்ணிடம் பேசினால் போதாதா என்ற நினைப்பு.

இருவருக்கும் சம்பந்தம் பேசி முடித்தவர் பவித்ராவின் தாய்மாமன். இந்தக் கதையில் வேறு ஆட்கள் ஜாஸ்தி இல்லை.

ஷூ கேம் இப்போது உங்களுக்குச் சாதாரணம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைத்து, ஆளுக்குக் கையில் தன் ஷூ ஒன்று, ஜோடியின் ஷூ ஒன்று கொடுத்துவிட வேண்டும். "யாருக்குக் கோபம் ஜாஸ்தி?" என்று கேட்டால், யாருக்கோ அவர்கள் ஷூவைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒருவர் காட்டுவது இன்னொருவருக்குத் தெரியாது. பார்க்கிறவர்களுக்கு இரண்டும் தெரியும். அதில்தான் சிரிப்பு. ஷூ கம்பெனிப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு உண்டா என்று எனக்கு ஒரே குஷி. அவள் லைன் பெண்களும் கம்பெனி சேம்பிள் ரூமில் சொல்லி அவளுக்குச் சிவப்பிலும் மாப்பிள்ளைக்குக் கறுப்பிலும் புது ஜோடி செய்து தருவதாகச் சொன்னார்கள்.

ஆனால் கல்யாண மேடையில் செருப்பைத் தூக்குவதா? அதுவும் தாலி கட்டுவதற்கு முன்னால்? நம் ஊரில் செருப்பைக் கையில் எடுத்தாலே அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஆம்பூர்க்காரனுக்கு ஷூ என்றால் சோறு. குடியாத்தத்தில் தறி வீட்டுப் பெரியவருக்கு அப்படி இருக்குமா? எனக்குத் தூக்கம் போய்விட்டது. நேரிலேயே போய்க் கேட்டுவிடுவோம் என்று பஸ் ஏறினேன்.

தறி ஓடுகிற சத்தத்தில் கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. லோகேஷின் அப்பா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு தறியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். "செருப்பத் தூக்கிக் காட்டறதா? எம்புள்ள மேடையில உக்காந்திருக்கும்போதா?" என்றார்.

காலே படாத ஷூ அது என்றேன். எங்கள் ஊரில் காலில் ஏறுகிறவரைக்கும் அதற்குப் பெயர் ஷூ இல்லை, பீஸ். உங்கள் தறியில் இருப்பதை நீங்கள் கைலி என்றா சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் தறியைத் திரும்பிப் பார்த்தார். "பாவுன்னு சொல்வோம்" என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நீ பேசியே பொழைக்கறவன்யா" என்று சொல்லி டீ வரவழைத்தார்.

திரும்பி வரும்போது எனக்கு ஏற்பட்ட திமிரைச் சொல்லி முடியாது. ஆபத்து எங்கே என்று கண்டுபிடித்து, அதை அடைத்தும் விட்டோம் என்று நினைத்தேன். என் ஜாக்கிரதை முழுவதையும் அந்தச் செருப்பின் மேலேயே செலவழித்துவிட்டேன்.

கேள்விகளை நானே உட்கார்ந்து வடிகட்டினேன். பழைய காதல், சம்பளம், மாமியார், நகை எதுவும் வரக் கூடாது. குறட்டை, சமையல், செல்ஃபி, ஷாப்பிங். இப்படிச் சாதுவான கேள்விகளாகப் பொறுக்கி வைத்தேன். கடைசியில், பவித்ரா விடியற்காலை பஸ்ஸைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்து, "காலையில் வீட்டை விட்டு முதலில் கிளம்பப் போவது யார்?" என்று ஒன்றைச் சேர்த்தேன். அவளுக்கென்றே யோசித்த கேள்வி. எல்லாவற்றிலும் அதுதான் பரமசாது என்று தோன்றியது.

அன்றைக்குச் சாயங்காலம் மண்டபம் களைகட்டிவிட்டது. ஷிப்ட் முடிந்ததும் பவித்ராவின் லைன் பெண்கள் ஒரு பஸ் எடுத்துக்கொண்டு ஆம்பூரிலிருந்து வந்து, நடுவில் நான்கு வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். விசில் அடிப்பதில் ஆண்பிள்ளைகள் தோற்றார்கள். ஷூவைப் பார்த்ததும் மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். லோகேஷின் அப்பா அவர்கள் பக்கம் திரும்பி, "அது பீஸாம்பா, காலுக்குப் போனாதான் செருப்பாம்" என்று விளக்கம் கொடுத்தார். மைக் என் கையில் இருந்தது. சமையல் கேள்விக்கு இருவரும் கறுப்பு ஷூவைத் தூக்கினார்கள், கூட்டம் அலறியது. கோபக் கேள்விக்கு இருவரும் சிவப்பைத் தூக்கினார்கள். லைன் பெண்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள்.

அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவள் சிவப்பைத் தூக்கினாள், அவன் கறுப்பைத் தூக்கினான். ஆளுக்கு ஆள் நான்தான் முதலில் கிளம்புவேன் என்கிறார்கள். சிரிப்பு. அதோடு விட்டிருக்கலாம். மைக் கையில் இருந்தால் நாக்கு சும்மா இருக்குமா? "ரெண்டு பேரும் கிளம்பிட்டா வீட்டைப் பூட்டறது யாரு?" என்று கேட்டு, மைக்கை மாப்பிள்ளை வாயருகே நீட்டினேன்.

"பூட்டு எதுக்கு சார்? அவங்கதான் வீட்ல இருக்கப் போறாங்களே" என்றான் லோகேஷ். கள்ளம் கபடம் இல்லாமல், சந்தோஷமாகச் சொன்னான்.

மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள். லைன் பெண்களின் வரிசையில் சத்தம் அப்படியே நின்றது. பவித்ரா ஷூவை மடியில் வைத்துவிட்டுத் திரும்பி அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. புரியாமல் பார்த்தாள்.

இந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும், பல தடவை சொல்லியிருக்கிறேன். "மதுரையா சிதம்பரமான்னு நாளைக்குத் தெரிஞ்சிடும்" என்று ஒரு ஜோக்கை வீசி, டிஜேக்குச் சைகை காட்டி, குத்துப்பாட்டைப் போடச் சொல்லி, லைன் பெண்களையெல்லாம் மேடைக்கு இழுத்துவிட்டேன். கூட்டம் மறந்துவிட்டது. புடவை பின் கழன்றுவிட்டதாகச் சொல்லி பவித்ரா மணமகள் அறைக்குப் போனாள். போகும்போது என்னையும் வரச்சொல்லிக் கண் காட்டினாள்.

அறைக்குள் அவளும் அவள் அம்மாவும் தாய்மாமனும் இருந்தார்கள். மாமனுக்கு ஏசி அறையில் வேர்த்துக் கொட்டியது. விஷயம் உடனே வெளியே வந்துவிட்டது. பெண் கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகும், அவர்களுக்குச் சம்மதம் என்று அவர் இங்கே சொல்லியிருக்கிறார். பெண் வேலையை விட்டுவிடும், அதற்குச் சம்மதம் என்று அங்கே சொல்லியிருக்கிறார். கல்யாணம் ஆகிவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தாராம். ஓங்கி அறையலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் அந்த மனுஷன் அழுதுகொண்டிருந்தார். நல்ல இடம் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்கிற ஒரே ஆசையில் செய்திருக்கிறார்.

நிச்சயம் ஆன நாளிலிருந்து பெண்ணும் பிள்ளையும் ஃபோனில் பேசாத நாளில்லையே, இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். முடிந்துபோன விஷயத்தை யாராவது பேசுவார்களா? இரண்டு பேருக்கும் அது முடிந்துபோன விஷயம். வேறு வேறு விதமாக முடிந்திருந்தது, அவ்வளவுதான். அவள் கம்பெனிக் கதைகளைச் சொன்னபோது, விட்டு வரப்போகிற இடத்தைப் பற்றி ஆசையாகப் பேசுகிறாள் என்று அவன் நினைத்திருக்கிறான்.

பவித்ரா அழவில்லை. "அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்ணா. இங்க கூப்டுங்க" என்றாள்.

"முகூர்த்தத்த வெச்சிக்கிட்டு இன்னாடி பேச்சு இப்போ? எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று அம்மா பதறினார்.

"அப்புறம் பேசி இன்னாம்மா பண்றது?" என்றாள் அவள். அம்மா திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே மண்டபம் நிறைய ஜனம். கை குலுக்குகிற வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. இவர்கள் இரண்டு பேரையும் ஒரு அறைக்குள் விட்டு, அவள் ஒன்று சொல்லி, அவன் ஒன்று சொல்லி, கதவைத் திறந்துகொண்டு வரும்போது கல்யாணம் இல்லை என்று வந்தால்? நம் வேலை நிகழ்ச்சியை நடத்திக் கொடுப்பது. அதனால் நானே போய்ப் பேசிவிட்டு வருகிறேன், நீ தைரியமாக இரு என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையசைத்தாள்.

மேடையில் லோகேஷ் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் குனிந்ததும் காதருகே, "அவங்க மூஞ்சே மாறிடுச்சே சார். நான் இன்னா தப்பா சொல்ட்டேன்?" என்று கேட்டான். சொன்னேன். உடனே எழுந்தான். "நான் போய் அவங்ககிட்ட பேசிட்டு வர்றேன்" என்றான்.

நான் அவன் தோளில் கையை வைத்து உட்கார வைத்தேன். "உக்காருங்க தம்பி, வரிசை நிக்குது. நான் பாத்துக்கறேன்" என்றேன். மாப்பிள்ளை மேடையை விட்டு இறங்கினால் நூறு வாய் பேசும் என்றேன். அவன் உட்கார்ந்தான். நல்ல பிள்ளை, பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பிள்ளை.

கதையைச் சொன்ன ஒரு தடவைகூட இந்த ஒரு நிமிஷத்தை நான் உங்களிடம் சொன்னதில்லை. மறைக்கவில்லை. அது சொல்லத்தக்க விஷயம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

பிறகு அவனுடைய அப்பாவைப் பந்தி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். முதலில் குதித்தார். வார்த்தை மாறிவிட்டார்களே என்றார். அப்புறம் இறங்கி வந்து, வீட்டு நிலவரத்தைச் சொன்னார். அவர் மனைவிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. தறி ஆட்களுக்கு டீயும் சாப்பாடும் அந்த வீட்டிலிருந்துதான் போகிறது. மருமகள் வருகிறாள் என்று அந்த அம்மாள் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். கேட்கும்போது எனக்கே பாவமாக இருந்தது. நான் விடவில்லை. பேசினேன், பேசினேன், சத்தம் போடாமல், சிரித்துக்கொண்டே பேசினேன். கடைசியில், "செரி, ஒரு வருஷம் வேலைக்குப் போவட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். மேடைக்குப் போய் லோகேஷிடம் சொன்னேன். யாரோ பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். அதற்குள்ளிருந்து தலையசைத்தான்.

பவித்ராவிடம் வந்து, ஒரு வருஷம் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள் என்றேன். "அவரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். அவரும் சரி என்றுவிட்டார் என்றேன். அது உண்மைதான். ஆபரேஷன் பற்றி நான் சொல்லவில்லை. நல்ல நேரத்தில் ஆஸ்பத்திரிப் பேச்சு எதற்கு, அது மாப்பிள்ளை வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டேன். அவள் கண்ணாடியைப் பார்த்துத் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டாள். "செரிண்ணா. வாங்க, ஜனங்க நிக்கறாங்க" என்று எனக்கு முன்னால் நடந்தாள்.

மறுநாள் காலையில் தாலி ஏறியது. தாய்மாமன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு வீட்டாரும் நான்கு இடத்தில் என்னைப் பற்றிச் சொன்னார்கள், அதில் வந்த வேலைகள் எத்தனையோ. பந்தி முடிவதற்குள் கல்யாணத்தைக் காப்பாற்றியவன் என்று பெயர் கிடைத்தது. நீங்களும் கைதட்டினீர்கள். அவள் வருஷம் முடிவதற்கு முன்பே கம்பெனியை விட்டு நின்றுவிட்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். மாமியாருக்கு ஆபரேஷன் ஆனதாம். சரி, குடும்பம் என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகும் காலையில் ஆபீஸ் பக்கம் வந்து டீ குடித்துவிட்டு உங்கள் உயிரை வாங்குவது உங்களுக்குத் தெரியும். அப்படி வந்த ஒருநாள்தான் பவித்ரா உள்ளே வந்தாள். தங்கையின் ரிசப்ஷனுக்காக. தங்கையும் மாப்பிள்ளைப் பையனும் கூடவே வந்திருந்தார்கள். அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கொஞ்சம் சதை போட்டிருந்தாள், அதே சிரிப்பு. "அண்ணா, நீங்க இன்னும் ரிடையர் ஆவலயா?" என்று கேட்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உங்களில் ஒருவர்தான் அவர்களிடம் பேசினீர்கள். என்ன என்ன கேம் வைக்கலாம் என்று அடுக்கினீர்கள். எல்லாவற்றுக்கும் சரி என்றாள். பிறகு, வேறு ஏதாவது ஸ்பெஷலாக வேண்டுமா என்று கேட்டதும், "ரிசப்ஷன் நடுவுல இவங்க ரெண்டு பேருக்கும் ஒரு ரூம் குடுங்க. கொஞ்ச நேரம். எங்க அம்மா உட்பட யாரும் உள்ள போவக் கூடாது. அத நீங்க பாத்துக்கணும்" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். டச்சப்புக்கா அக்கா என்று கேட்டீர்கள். அவள் சிரிக்கவில்லை. நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

மற்றவர்கள் மேடைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நன்றாக இருக்கிறாயா அம்மா என்றேன். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாள். லோகேஷ் தங்கமான மனுஷன், மாமியார் இப்போது நடக்கிறார், ஒரு குறையும் இல்லை என்றாள். அவள் இடத்துக்கு வந்த சூப்பர்வைசர் அவள் பழக்கிய பெண்தான் என்று அதையும் பெருமையாகச் சொன்னாள். கொஞ்ச நேரம் குழந்தையின் சட்டை ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அவரு எழுந்தாராமேண்ணா? எங்கிட்ட வர்றதுக்கு?"

ஆமாம் என்றேன். நான்தான் உட்கார வைத்தேன் என்றேன்.

"எனக்கு அது ரொம்ப நாள் கழிச்சிதான் தெரியும்" என்றாள். "அதுவரைக்கும் அவரு வரவேயில்லன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எத்தனை நாள் அந்த வீட்டில், அந்த நல்ல மனுஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, தான் கூப்பிட்டும் வராதவன் என்று நினைத்திருப்பாள்? இருந்தாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்பது என் வழக்கம், கெட்ட வழக்கம். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் பேசியிருந்தால் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியிருப்பாயா அம்மா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்றைக்கு நான் பயந்தது சரிதான் என்று ஆகியிருக்கும்.

"இல்லண்ணா" என்றாள். "'எங்கம்மாவுக்கு முட்டி முடியல, எனக்காக வேலைய விடறியா'ன்னு அவரு வாயால ஒரு வார்த்த கேட்டிருந்தா, ஒரு வருஷங்கூட கேட்டிருக்க மாட்டேன். அன்னிக்கே நானே குடுத்திருப்பேன். எங்கிட்ட யாருமே கேக்கல. எடுத்துக்கிட்டாங்க."

தங்கை ஏதோ படத்தைக் காட்டிக் கூப்பிட்டாள். அவள் குழந்தையை என் மடியில் உட்கார வைத்துவிட்டு எழுந்து போனாள்.